சித்தி விடாமல் இழுத்த வலை

போன மாதம் ஸ்ரீபெரும்புதூர் கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, நம் கூடப் படித்த ஒருத்தி என் மகளிடம் சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். "உங்கம்மாவ அவங்க சித்தி ஏரியில தள்ளி வுட்டாங்களே, தெரியுமா ஒனக்கு? நாங்கல்லாம் அப்ப சின்னப் பசங்க." சொன்னவள் மனதில் கெட்டது ஒன்றும் இல்லை. அதற்குள் ரசம் ஊற்றுகிறவர் வந்துவிட்டார், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்த என் மகள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வீடு வந்து சேரும்வரை அதையேதான் கேட்டாள்.

அவளுக்குச் சொன்னதை, என் கூடப் படித்த உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடையில் நீங்கள் எல்லோரும் ஊரில்தான் இருந்தீர்கள். பாதியைக் கண்ணால் பார்த்தீர்கள். மீதியை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டீர்கள். கேட்ட பாதிதான் உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது போலிருக்கிறது.

நாம் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. அதற்கு முந்தின மழைக்காலத்தில்தான் என் அம்மா காய்ச்சலில் போனாள். அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பெங்களூர் ரோட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் நான் அத்தை வீட்டிலேயே சாப்பிட்டு அங்கேயே தூங்கினேன். அத்தை என் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் அவள் வீடு. அவளுக்குப் பிள்ளை இல்லை. அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது அத்தைதான் கஞ்சி வைத்துக் கொடுத்து, துணி அலசி, இரவெல்லாம் கூட இருந்தாள். அம்மாவின் உயிர் போனதும் அவள் மடியில்தான். அதிலிருந்து நான் தும்மினால்கூட அவளுக்கு முகம் வெளுத்துவிடும். இப்போது யோசித்தால் எனக்கு எல்லாம் அங்கிருந்துதான் புரிகிறது. அன்று புரியவில்லை.

தை மாதத்தில் அப்பா இரண்டாவது கல்யாணம் செய்து சித்தியைக் கூட்டிவந்தார். சித்தி கொசஸ்தலை ஆற்றுப் பக்கத்துக்காரி. அத்தையைவிட வயதில் சின்னவள். ஒல்லியாக, உயரமாக, அளவாகப் பேசுகிறவளாக இருந்தாள். அவள் தோளில் ஒரு கோணி மூட்டையைச் சுமந்துகொண்டு வந்தாள். பாத்திரம் பண்டம் இருக்கும் என்று தெரு முழுக்க நினைத்தது. பிரித்தால் உள்ளே வலை இருந்தது. பயிர் வைக்கிற குடும்பத்துக்கு வந்த மருமகள் வலையோடு வந்தாள் என்று கொஞ்ச நாள் எல்லோரும் அதையே பேசினார்கள்.

நான் அவள் கையால் எதுவும் சாப்பிடவில்லை. அவளும் என்னைக் கெஞ்சவில்லை. காலையில் எதிர்வீட்டு வாசலில் நின்று பல் துலக்கும்போது என்னைப் பார்ப்பாள், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது.

பங்குனியில் ஏரித் தண்ணீர் உள்வாங்க ஆரம்பித்தது. ஒருநாள் விடிந்ததும் சித்தி அத்தை வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். "இந்த வலைக்கு ரெண்டு ஆளு வேணும். பாப்பாவ அனுப்புறீங்களா?" என்று கேட்டாள். மீன் வேண்டுமென்றால் சந்தையில் வாங்கிக்கொள்ளலாமே என்று அத்தை சொன்னாள். உள்ளே இருந்து அத்தையின் கணவர், எங்கள் மாமாதான், அவருக்கு மீன் என்றால் உயிர், போய்விட்டு வரட்டுமே, கரையோரம்தானே என்றார். எனக்கு ஏரியில் இறங்கவேண்டும் என்று ஆசை. சித்தியோடு போகவேண்டுமே என்று கோபம். ஆசை ஜெயித்தது.

அந்த வலையை உங்களில் சிலர் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள். கொசுவலை மாதிரி சின்னக் கண். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மூங்கில் கழி. கீழ்க்கயிற்றில் ஈயக் குண்டுகள், மேல்கயிற்றில் பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிக் கோத்த மிதவைகள். கயிறு கழியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கும். சித்தி ஆழமான பக்கம் இடுப்புத் தண்ணீரில் போவாள். நான் கரைப்பக்கம் முழங்கால் தண்ணீரில். நடுவில் வலை வயிறு தள்ளிக்கொண்டு வரும். கீழ்க்கயிறு சேற்றை உரசும்போது அடியிலிருந்து குமிழிகள் வரும், அவற்றோடு அழுகிய தாமரைத் தண்டின் வாசனையும் வரும். கொஞ்ச தூரம் போனதும் சித்தி வளைந்து கரைக்கு வருவாள். இரண்டு கழியும் ஒன்றுசேரும். வலையைத் தூக்கினால் அதன் மடியில் வெள்ளி கொட்டிக் கிடக்கும். கெண்டைப்பொடி, அயிரை, கண்ணாடி மாதிரி இறால் குஞ்சு, நத்தை, தவளைக் குஞ்சு, எப்போதாவது முள்ளை விரித்துக்கொண்டு ஒரு கெளுத்தி.

நான் சித்தியோடு பேசிய முதல் வார்த்தை "பாம்பு." வலைக்குள் ஒரு தண்ணிப்பாம்பு நெளிந்துகொண்டிருந்தது. அவள் அதை வாலைப் பிடித்துத் தூக்கி அல்லி இலைகளுக்கு அப்பால் வீசிவிட்டு, "மீனுன்னு நெனச்சி வந்துருச்சி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பொடி மீன்களில் நல்ல துடிப்பானவற்றை அவள் குழம்புக்குச் சேர்க்கமாட்டாள். ஏரித் தண்ணீர் நிரப்பிய அலுமினியக் குண்டானில் உயிரோடு விடுவாள். அவை விராலுக்கு இரை. நம் ஊரில் மண்புழுவை மாட்டித்தான் தூண்டில் போடுவார்கள். சித்திக்கு அது பிடிக்காது. உயிர்க்கெண்டையின் முதுகுத் தோலில் மட்டும் தூண்டில் முள்ளைக் கோப்பாள், அது தண்ணீரில் நீந்திக்கொண்டே இருக்கும். நொச்சிக் குச்சியில் தூண்டில் நரம்பைக் கட்டி, அல்லி இலைகளுக்கு நடுவே விட்டு, குச்சியைக் கரையில் ஊன்றிவிடுவாள். பிறகு நாங்கள் வேலமர நிழலில் உட்கார்ந்து வலையில் ஒட்டிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருப்போம். கெண்டை நீந்துகிறவரை குச்சி லேசாகத் தலையாட்டும். திடீரென்று ஆட்டம் நிற்கும். விரால் பக்கத்தில் வந்துவிட்டது, கெண்டை பயந்து நின்றுவிட்டது என்று அர்த்தம்.  அடுத்த நொடி குச்சி வில்லாக வளையும்.

முதல் விராலைப் பிடித்த அன்று எனக்கு ஒரு தர்மசங்கடம். குழம்பு எங்கள் வீட்டு அடுப்பில் கொதிக்கிறது. வாசனை தெருவைத் தாண்டி அத்தை வீட்டுக்கு வருகிறது. சித்தி கையால் சாப்பிடுவதில்லை என்பது என் சபதம். ஆனால் மீன் நான் பிடித்தது. நான் பிடித்த மீனை நான் எப்படிச் சாப்பிடாமல் இருப்பது? கடைசியில் என்னைக் கேட்காமலேயே என் கால்கள் தெருவைக் கடந்துவிட்டன.  சித்தி ஏற்கெனவே போட்டு வைத்திருந்த தட்டில் சோற்றை வைத்தாள்.

அப்படிப் பல நாள் போனோம். ஏரியிலிருந்து திரும்பும் வழியில் நான் பேசிக்கொண்டே வருவேன், அவள் கேட்டுக்கொண்டே வருவாள். அம்மாவைப் பற்றியும் அவளிடம்தான் பேசினேன். மற்ற எல்லோரிடமும் அம்மா பேச்சை எடுத்தால் அவர்கள் அழுதுவிடுவார்கள், பிறகு நான் அவர்களைத் தேற்றவேண்டும். சித்தி அழவில்லை. அம்மா என்ன குழம்பு நன்றாக வைப்பாள், எந்தப் பக்கம் வகிடு எடுப்பாள் என்று கேட்டாள்.

சித்திரை பிறந்த பிறகு ஒரு காலை. தண்ணீர் இன்னும் இறங்கியிருந்ததால் நாங்கள் அதுவரை போகாத வடக்குப் பக்கம் போனோம். அந்தப் பக்கம் செங்கல் சூளைக்காரர்கள் முந்தின வருஷம் ஏரிக்குள் மண் வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டியது ஊருக்குத் தெரியும். தண்ணீருக்கு அடியில் சரியாக எந்த இடம் என்பது யாருக்கும் நினைவில்லை. சித்திக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வழக்கம்போல அவள் ஆழத்தில், நான் கரைப்பக்கம். ஒரு அடி எடுத்து வைத்தேன். அங்கே தரை இல்லை.

தண்ணீர் தலைக்கு மேல் மூடியது. கால் சேற்றில் புதைந்தது. வெதுவெதுப்பான, கூழ் மாதிரியான சேறு. காலை இழுக்க இழுக்க அது இன்னும் கீழே இழுத்தது. வாயெல்லாம் மண். கையில் கழி மட்டும் இருந்தது. மேலே எங்கோ சித்தியின் குரல் கேட்டது. "கழிய வுட்றாத. பாப்பா, கழிய வுட்றாத."

நான் விடவில்லை. கழி என் கையில் நடுங்கியது, பிறகு ஒரே சீராக இழுபட ஆரம்பித்தது. சேறு என் கால்களை மனமில்லாமல் விட்டது. முகம் காற்றுக்கு வந்தபோது சித்தியைப் பார்த்தேன். அவள் என்னை நோக்கி ஓடி வரவில்லை. பின்பக்கமாக, மேட்டுத் தரையைக் காலால் தேடிப் பிடித்து நின்றுகொண்டு, வலைக் கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். மீனும் பாசியும் நானுமாக அவள் காலடியில் போய்ச் சேர்ந்தோம். என்னை முழங்காலில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். மண்ணும் தண்ணீருமாகக் கக்கினேன். அவள் உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்து ரத்தமாக இருந்தன.

நான் பார்த்தது இது. ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் பார்த்தது வேறு. குழந்தை மூழ்குகிறது, அந்தப் பெண் குழந்தையை விட்டுவிட்டு வலையை இழுக்கிறாள். அவர் அதைத்தான் கத்திக்கொண்டே ஊருக்குள் ஓடினார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து அப்படித்தான் தெரிந்திருக்கும். ஊர் வந்து சேர்வதற்குள் வலையை இழுத்தாள் என்பது, மீனுக்காகக் குழந்தையை விட்டாள் என்று ஆனது. மாலைக்குள் தள்ளிவிட்டாள் என்றே ஆகிவிட்டது.

அத்தை தலைவிரி கோலமாக ஓடி வந்து என்னை அள்ளிக்கொண்டு போனாள். சித்தியின் கைகளை அவள் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நான் எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கக்கூடாது என்றாள். சித்திதான் என்னை இழுத்துக் கரை சேர்த்தாள் என்று நான் சொன்னேன். ஒரு தடவை இல்லை, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னேன். பயந்த குழந்தை, யாரோ சொல்லிக் கொடுத்துச் சொல்கிறது என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். நான் சொல்லச் சொல்ல விபூதிதான் கூடியது.

அப்பா வந்தார். ரோட்டில் இறங்கும்போதே யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். நேராக வீட்டுக்குள் போய் சித்தியிடம் கேட்டார். நான் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கொழந்த முழுகினப்ப நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

"வலைய இழுத்துகினு இருந்தேன்."

உண்மை அதுதான். ஆனால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டது போலக் கேட்டது. சித்திக்கு விளக்கிப் பேச வராது. தன்னைச் சந்தேகப்படுகிறவரிடம் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அப்பாவும் கத்துகிறவர் இல்லை. அடுத்த நடை போய்விட்டு வந்ததும் அவளை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. லாரி கிளம்பிப் போய்விட்டது.

அந்த இடைப்பட்ட நாட்களில் நான் மாமாவோடு ஏரிக்கரைப் பக்கம் மாடு ஓட்டிப் போகும்போது சித்தியைத் தூரத்திலிருந்து பார்ப்பேன். அவள் தனியாக வலை இழுத்துக்கொண்டிருப்பாள். நான் பிடிக்கிற கழியைச் சேற்றில் ஆழமாகக் குத்தி நிறுத்திவிட்டு, மறுகழியோடு அவள் மட்டும் ஒரு வட்டம் சுற்றி வருவாள். கழி சாய்ந்துவிடும். திரும்பிப் போய் நிமிர்த்துவாள். மறுபடியும் சுற்றுவாள். அதில் மீன் எவ்வளவு வந்திருக்கும்? அவளுக்கு அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

வெயில் ஏற ஏற ஏரி இன்னும் சுருங்கியது. வடக்குப் பக்கம் தண்ணீர் வற்றி, மேலே காய்ந்து வெடித்த ஏடு படிந்திருந்தது. பார்த்தால் தரை மாதிரியே இருக்கும். மாமாவின் எருமை ஒன்று மத்தியான வெயிலில் அதைத் தரை என்று நம்பி இறங்கி, சூளைப் பள்ளத்தில் வயிறு வரை புதைந்துவிட்டது. அது கதறியது உங்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். நீங்களும்தான் ஓடி வந்தீர்கள். மாமா யோசிக்கவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எருமையைப் பின்னாலிருந்து தள்ளலாம் என்று குதித்துவிட்டார். இரண்டு அடி வைப்பதற்குள் இடுப்பு வரை போய்விட்டார். காலை எடுக்கப் பார்த்தார், மார்பு வரை போனார்.

கூட்டத்தில் இரண்டு பேர் அவரைப் பிடிக்க இறங்கப் போனார்கள். அப்போது அத்தை கத்தினாள். அவ்வளவு பெரிய குரலை அவளிடம் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"யாரும் எறங்காதீங்க. எறங்கினா அவுங்களும் போயிடுவாங்க. கயித்தப் போடுங்க, மேல நின்னு இழுங்க."

கிணற்று வடத்தைக் கொண்டுவந்து வீசினார்கள். மாமா அக்குளுக்கு அடியில் கொடுத்துக் கட்டிக்கொண்டார். கெட்டியான தரையில் கால் ஊன்றி, வரிசையாக நின்று, பின்பக்கமாக இழுத்தார்கள். சித்தியும் எங்கிருந்தோ வந்து அந்த வரிசையில் நின்று இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் நின்று இழுத்தவர் அந்த ஆடு மேய்க்கிறவர்தான். மாமா சேற்றுப் பொம்மையாக மேலே வந்தார். அதன் பிறகு பலகை போட்டு, வடம் கட்டி, எருமையையும் ஏற்றினார்கள்.

எல்லோரும் அப்பாடா என்று பேச ஆரம்பித்தார்கள்.  மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்துச் சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்த அத்தை, துடைக்கிறதை நிறுத்திவிட்டு அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கி, வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த சித்தியைப் பார்த்தாள். ஆடு மேய்க்கிறவரும் சித்தியைப் பார்த்தார்.  சித்தி அன்று ஏன் ஓடி வராமல் வலையை இழுத்தாள் என்று அந்த இடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

அன்று பொழுது சாய்வதற்கு முன்னால் அத்தை என் துணிமணிகளை எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்தாள். சித்தி கொல்லைப்பக்கம் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தை அவளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். சித்தியின் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் ஆறியும் ஆறாமலும் இருந்த கோடுகளைப் பார்த்தாள். பிறகு குவியலிலிருந்து ஒரு மீனை எடுத்துச் சாம்பல் தடவிச் செதில் உரசத் தொடங்கினாள். இரண்டு பேரும் மொத்த மீனையும் ஆய்ந்து முடித்தார்கள். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு வாழ்ந்த வாழ்க்கை உங்களுக்குத் தெரியும். தம்பி பிறந்தான். என் பிரசவத்தின்போது அத்தையும் சித்தியும் சேர்ந்துதான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை கடைசியாகப் படுத்தபோது சித்திதான் பக்கத்தில் இருந்தாள். இப்போது சித்தி என் வீட்டில் இருக்கிறாள். கம்பெனி பஸ்சில் போகும் என் மகளுக்கு டிஃபன் கட்டுவது இன்னும் அவள்தான், யாரையும் தொடவிடமாட்டாள். என்னை மேலே கொண்டுவந்ததற்கு நான் அவளுக்கு நன்றி சொன்னதே இல்லை. சொன்னால் என்ன பேச்சு இது என்பாள். தன் வாயால் கத்திய வார்த்தையைத் தானே காதுகொடுத்துக் கேட்ட அத்தைக்கும் அதே அளவு நன்றிக்கடன் எனக்கு இருக்கிறது. எல்லோருக்கும் அது முடிகிற காரியம் இல்லை. ஊரில் எத்தனையோ பேர் கண்ணால் பார்த்த பிறகும் முன்னால் சொன்னதையே சொல்லிக்கொண்டு திரிவதை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்.

அப்பா நடை முடித்து வந்த அன்று என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அதை நீங்கள் யாரும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் நடந்தது.

அவருக்கு எருமை விஷயம் தெரியாது. சித்தியும் அவரிடம் எதையும் கேட்டு நிற்கிற ஆள் இல்லை. அவர் சொன்னபடியே தன் புடவைகளை மடித்து ஒரு பையில் வைத்துக் கதவோரம் சாய்த்து வைத்திருந்தாள். அப்பா வந்து பையைப் பார்த்தார். அதைக் கையில் எடுத்தார். கிளம்பலாமா என்கிற மாதிரி சித்தியைப் பார்த்தார். சித்தி எழுந்து நின்றாள். நான் கத்துவதற்குள் அத்தை உள்ளே வந்துவிட்டாள். தெருவைத் தாண்டி ஓடி வந்திருக்கவேண்டும், அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணா, பைய கீழ வை. நான்தான் ஒன்னும் தெரியாம பேசிட்டேன். கொழந்த சொன்னதுதான் நெசம்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ஒனக்கு வேல இருந்தா லாரிய எடுத்துகினு நீ போ. எங்க அண்ணி எங்கயும் போவ மாட்டாங்க."

வயதில் மூத்த அத்தை சித்தியை அண்ணி என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அப்பா அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் சித்தியைப் பார்க்க வெட்கப்பட்டு, பையோடு உட்கார்ந்து, அதற்குள் இருந்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தார். அவருக்குத் துணி மடித்துப் பழக்கமில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகக் கோணல்மாணலாகத் தொங்கின. சித்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போய் உலை வைத்து, எங்கள் மூன்று பேருக்கும் அளந்த அரிசியின் மேல், அத்தைக்கும் மாமாவுக்குமாக இன்னும் இரண்டு கை போட்டாள்.